இரண்டு உருளை மால்ட் மில்: எண்ணை நம்பாமல் ஃபீலர் கேஜை நம்பினால் நல்ல சாமான்

மெல்பர்னில் வீட்டில் பியர் காய்ச்சுகிற பலர் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம், பெரும்பாலும் பார்லி; அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்துத்தான் சர்க்கரைச் சாறு எடுப்பது) கடையிலேயே உடைத்து வாங்கிவிடுவார்கள். 25 கிலோ மூட்டையை முழுசாக எடுத்தால் விலை நன்றாக இறங்குகிறது. உடைக்காத மால்ட் ஈரம் படாமல் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. அந்தக் கணக்குப் போட்டுத்தான் இந்த மில்லை வாங்கினேன். இரண்டு உருளை, மூன்று கிலோ பிடிக்கிற ஹாப்பர் (மால்ட் கொட்டும் மேல்வாய்), பக்கெட் மேல் உட்கார ஒரு பலகை, ஒரு கைப்பிடி. ஒரே சாமான் நாலைந்து பெயரில் விற்கிறது, அதனால் பிராண்டைச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

லேத்தில் நின்றவன் என்பதால் முதலில் பார்த்தது உருளையைத்தான். நர்லிங் (மணியைப் பிடிக்க உருளையில் பொறித்த சொரசொரப்பு) சீராக இருக்கிறது. இரண்டு உருளைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஃபீலர் கேஜின் தகடை (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோகத் தகடு) வைத்துக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளரவில்லை. இந்த விலைக்கு அது பெரிய விஷயம். பேரிங் கிடையாது, வெறும் புஷ்தான் (தண்டு உள்ளே சுழலும் குழல்), வீட்டு உபயோகத்துக்குப் போதும். எண்ணெய் பூசி வருகிறது. பழைய மால்ட் இரண்டு பிடி ஓட்டிக் கொட்டிவிடுங்கள். தண்ணீர் மட்டும் காட்டாதீர்கள், துருப்பிடிக்கும். பிரஷ் போதும்.

இனி இடைவெளிக்கு வருவோம். உருளையின் இரு முனையிலும் ஒவ்வொரு திருகு, அதில் எண் பொறித்திருக்கிறது. அந்த எண் அழகுக்குத்தான். இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிறுத்தினால் உண்மையான இடைவெளி இடதில் 1.0 மி.மீ., வலதில் 1.2 மி.மீ. இருக்கிறது. அப்படியே ஓட்டினால் வலது பக்கம் விழுகிற மணி சரியாக உடையாமல் இறங்கும். கார் உதிரிபாகக் கடையில் ஃபீலர் கேஜ் மலிவாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள். உருளையின் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் வையுங்கள். தகடு லேசாக உரசிக்கொண்டு வரவேண்டும். இழுத்துப் பிடுங்கும்படி இருக்கக் கூடாது. ஒரு பக்கத்தை இறுக்கும்போது மறு பக்கம் கொஞ்சம் நகரும், அதனால் திரும்பவும் பாருங்கள். ஏடிஎம் கார்டை வைத்து அளக்கச் சொல்பவர்களும் உண்டு. கார்டின் கனம் 0.76 மி.மீ., என் பாத்திரத்தில் பார்லிக்கு அது ரொம்ப நெருக்கம்.

பெரிய குறை, வைத்த இடைவெளியை நகராமல் பிடிக்கிற பூட்டுத் திருகு. கையால் இறுக்குகிற சின்னத் திருகைக் கொடுத்திருக்கிறார்கள், மில்லைச் சுற்ற மாட்டுகிற டிரில்லின் அதிர்வில் பாதி மூட்டை போவதற்குள் தளர்ந்துவிடுகிறது. அதைக் கழற்றிவிட்டு அறுகோணத் தலை போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும் போட்டேன், பிறகு அசையவில்லை. தயாரிப்பாளருக்குச் சில்லறைச் செலவு, செய்திருக்கலாம்.

எத்தனை மி.மீ. என்பதை எந்திரம் சொல்லாது, உடைந்த மால்ட்தான் சொல்லும். ஒரு கைப்பிடி உடைத்து வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். முழு மணி கண்ணில் படக் கூடாது. உள்ளிருக்கும் பருப்பு நாலைந்து துண்டாகக் குருணைபோல இருக்கவேண்டும். மாவு கொஞ்சம் இருக்கலாம். உமி மட்டும் பிளந்தாலும் நொறுங்காமல் கிடக்கவேண்டும், ஏனென்றால் சாறு வடியும்போது வடிகட்டியாக நிற்பது அந்த உமிதான். அது தூளானால் வடிதல் அடைத்துக்கொள்ளும், பியரில் துவர்ப்பும் ஏறலாம். பம்ப் வைத்த என் 35 லிட்டர் பாத்திரத்தில் 1.0 மி.மீ. சரியாக ஓடுகிறது, 0.9-க்கு வந்தால் பம்ப் திணறுகிறது. துணிப்பையில் ஊறவைப்பவர்களுக்கு (ஆஸ்திரேலியர்கள் பரப்பிய முறை) துணியே வடிகட்டி, 0.8-க்கும் கீழே போகலாம்.

கோதுமை மால்ட்டுக்கு உமி இல்லை. மணி சிறுசு, கல்போலக் கடினம். பார்லிக்கு வைத்த இடைவெளியில் நிறைய நழுவி விழும். அதைத் தனியாக 0.8-ல் உடைத்துவிட்டு, பிறகு பார்லிக்குத் திறக்கிறேன். இரண்டையும் கலந்து ஓட்டுவது வேலையை மிச்சம் பண்ணும், சர்க்கரையை அல்ல.

இன்னொன்று, மால்ட்டை நனைப்பது. 5 கிலோவுக்கு 100 மி.லி. தண்ணீரை ஸ்பிரேயரில் தெளித்து, புரட்டிப் புரட்டி விட்டு, பத்து நிமிடம் வைக்கவேண்டும். உமி மட்டும் பதமாகித் தோல்மாதிரி ஆகிவிடும், உடைக்கும்போது முழுசாகக் கழன்று வரும். இப்படிச் செய்தால் பார்லிக்கும் 0.9 பயமில்லாமல் வைக்கலாம். தண்ணீர் கூடினால் உருளையில் அப்பிக்கொள்ளும்.

கைப்பிடி பேருக்குத்தான், 5 கிலோ சுற்றினால் தோள் விட்டுப்போகும். வயர் டிரில் நல்லது, நிமிடத்துக்கு 200 சுற்றுக்குள் ஓட்டுங்கள். வேகம் கூடினால் உமி கிழியும். டிரில் ஓட ஆரம்பித்த பிறகே மால்ட்டைக் கொட்டுங்கள். நிறைத்துவிட்டு ஆரம்பித்தால் மில்லின் தண்டு டிரில்லின் சக்கில் (பிடிவாயில்) வழுக்குகிறது. உடைக்கும் வேலையைக் கராஜில் வைத்துக்கொள்ளுங்கள். மால்ட் தூசியில் லாக்டோபேசிலஸ் என்ற புளிப்பேற்றும் பாக்டீரியா இருக்கும், புளிக்கிற வாளிப் பக்கம் போனால் பியர் வேறு விதமாகப் புளித்துவிடும்.

பலன்? கடையில் உடைத்ததில் எனக்கு 70 சதவீதத்துக்குக் கீழே நின்ற எஃபிஷியன்சி (மால்ட்டில் இருக்கும் சர்க்கரையில் சாறுக்கு வந்து சேர்வது) இப்போது 75-ஐ ஒட்டி வருகிறது, முக்கியமாக ஒவ்வொரு முறையும் அங்கேயே நிற்கிறது. மூன்று உருளை மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்க நான் யோசிப்பேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சுகிறவருக்கு இந்த மில்லே தேவையில்லை, கடைக்காரரிடம் இடைவெளி எவ்வளவு வைக்கிறார் என்று கேட்டு உடைத்து வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால், ஹாப்பரின் உள் ஓரத்தை முதலில் அரம் போட்டு மழுக்குங்கள், கையைக் கிழிக்கும்.