மெட்ஸா, ரேஸா: 2023 கணக்கு

2023 தொடக்கத்தில் அமெரிக்க பேஸ்பால் அணியான நியூயார்க் மெட்ஸின் சம்பளப் பட்டியல் சுமார் 35 கோடி டாலர். அதே லீகின் டாம்பா பே ரேஸ் அணிக்கு 7 கோடிக்குச் சற்று மேல். மெட்ஸ் 75 வெற்றி, ரேஸ் 99.

பணம் வீண் என்று இதைப் படிப்பது அவசரம். மெட்ஸ் வாங்கியது வயதை. பந்துவீச்சாளர்கள் 40 வயது வெர்லாண்டர், 38 வயது ஷெர்சர், ஆளுக்கு ஆண்டுக்கு 4.3 கோடி டாலர். வெர்லாண்டர் சீசனையே காயப் பட்டியலில் தொடங்கினார். ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்துவீச்சாளர் எட்வின் டியாஸ் மார்ச்சிலேயே முழங்கால் காயத்தால் சீசனை இழந்தார். லீகின் சம்பள வரம்பான 23.3 கோடியைத் தாண்டியதற்கு அணி கட்டிய அபராதமான ‘ஆடம்பர வரி’ மட்டும் சுமார் 10 கோடி. அது ரேஸின் மொத்தச் சம்பளத்தைவிட அதிகம்!

ரேஸ் நம்புவது ஒப்பந்த விதியை. முதல் மூன்று ஆண்டுகள் வீரருக்குக் கிட்டத்தட்டக் குறைந்தபட்சச் சம்பளம்தான் (2023இல் 7,20,000 டாலர்). அடுத்து சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் குழுவின் தீர்ப்பில் ஊதியம் ஏறும், ஆறாண்டு முடிந்தால் எந்த அணிக்கும் போக விடுதலை. அதற்கு முன்பே ரேஸ் அவரை வேறு அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு இளையவர்களை வாங்கிக்கொள்ளும். பந்துவீச்சாளர் பிளேக் ஸ்னெல் 2020 டிசம்பரில் பாட்ரேஸ் அணிக்குப் போனது அப்படித்தான்.

இதன் ஓட்டை காயத்தில் தெரியும். 2023இல் ரேஸின் பந்துவீச்சாளர்கள் மெக்லனஹன், ஸ்பிரிங்ஸ், ராஸ்முஸன் மூவருமே முழங்கைக் காயத்தால் விழுந்தார்கள். மாற்றாக சிவாலே என்ற பந்துவீச்சாளரைக் கொண்டுவர, பணத்துக்குப் பதில் மன்சார்டோ என்ற இளம் பேட்டரைக் கொடுக்க வேண்டியிருந்தது. கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் டெக்சஸ் அணியிடம் இரண்டே ஆட்டத்தில் வெளியேற்றம்.

பெரிய நகரத்துப் பணக்கார அணிக்குப் பணம் தருவது தவறு செய்யும் உரிமையை. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அந்த உரிமையோடு இளைஞர் வளர்ப்பையும் சேர்த்து 2024இல் கோப்பை வென்றது. ரேஸ் 2008, 2020 இறுதித் தொடர்கள் இரண்டிலும் தோற்றது.