ஆட்டுக்கறியா, பாலா: எதை, எந்த வழியில் குறைப்பது?

இறைச்சியையும் பாலையும் குறைத்துக்கொள்வது என்று ஒரு வீட்டில் முடிவாகிவிட்டால், அடுத்த கேள்வி அதை எப்படிச் செய்வது என்பதுதான். தமிழ்நாட்டுச் சமையலறைக்கு ஒத்துவரக்கூடிய வழிகள் நான்கு. கறி சமைக்கும் நாள்களைக் குறைக்கலாம்; சமைக்கும் நாளில் கறியின் அளவைக் குறைக்கலாம்; ஆட்டுக்கறியை விட்டுக் கோழிக்கும் மீனுக்கும் மாறலாம்; பாலின் இடத்தில் சோயாப் பால் போன்ற ஒன்றை வைக்கலாம். நான்கும் ஒரே பலனைத் தருவதில்லை, ஒரே செலவில் முடிவதுமில்லை.

முதலில், குறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்திய அரசு நடத்தும் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பில் 2014ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்தவர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேலானோர் அசைவம் உண்பவர்கள் என்று தெரியவந்தது. ஆனால் அவர்களில் தினமும் கறி சாப்பிடுகிறவர்கள் மிகச் சிலரே. தினமும் பால் வாங்காத வீடுகளும் அதேபோலச் சிலவே. நால்வர் உள்ள ஒரு வீட்டில் நாளுக்கு ஒரு லிட்டர் பாலும், வாரம் ஒரு கிலோ கோழியும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு கிலோ ஆட்டுக்கறியும் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 119 நாடுகளிலுள்ள சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு, புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களின் உலகச் சராசரியை இவ்வாறு தருகிறது: செம்மறி ஆட்டிறைச்சி கிலோவுக்கு ஏறத்தாழ 40 கிலோ, கோழி 10 கிலோ, பால் லிட்டருக்கு 3.2 கிலோ. இதன்படி அந்த வீட்டின் ஆண்டுக் கணக்கு ஆட்டுக்கறிக்கு 1,040 கிலோ, கோழிக்கு 520 கிலோ, பாலுக்கு 1,168 கிலோ என்று வருகிறது. தினமும் வாசலுக்கு வரும் இரண்டு அரை லிட்டர் பாக்கெட்டுகள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியைத் தாண்டிவிடுகின்றன. இவை உலகச் சராசரிகள் என்பதை மறக்கக் கூடாது. குறைவாகக் கறக்கும் நம் ஊர் மாட்டுக்கு லிட்டர் ஒன்றுக்கு அது வெளிவிடும் மீத்தேன் வாயு கூடுதலாகவே இருக்கும். மறுபுறம், அது பெரும்பாலும் வைக்கோலையும் சோளத்தட்டையையும் தின்று வளர்வதால் தீவனத்துக்கென்று தனியே பிடிக்கும் நிலம் குறைவு. ஆகவே இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடப் பயன்படுத்தலாமே தவிர, கிராம் சுத்தமாக நம்ப வேண்டியதில்லை.

நாளைக் குறைப்பதும் அளவைக் குறைப்பதும்

நாள் கணக்கில் குறைப்பது நமக்குப் புதிதன்று. செவ்வாய், வெள்ளி, சனி, கிருத்திகை, அமாவாசை, புரட்டாசி மாதம் முழுவதும் என்று ஏற்கெனவே ஒரு நாள்காட்டி இருப்பதால், வீட்டில் யாரிடமும் வாதிட வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி. இதன் பலவீனமும் அதே புரட்டாசியில்தான் தெரிகிறது. மாதம் முழுவதும் சரிந்து கிடக்கும் கறிக்கடை வியாபாரம், மாதம் முடிந்த முதல் ஞாயிறே வரிசையாக நிற்கும் கூட்டத்தில் ஈடாகிவிடுகிறது. விட்ட நாள்களைச் சேர்த்துச் சாப்பிடும் வீட்டில் ஆண்டுக் கணக்கு அவ்வளவாக அசையாது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, கறி இல்லாத நாளில் தட்டில் என்ன ஏறுகிறது என்பது. வெளியில் சாப்பிடும் குடும்பங்களில் அந்த இடத்துக்குப் பன்னீர் வந்துவிட்டது. ஒரு கிலோ பன்னீருக்கு ஐந்து முதல் ஆறு லிட்டர் பசும்பால் திரிய வேண்டும். பாலின் கணக்கை அப்படியே அதன்மேல் ஏற்றினால் வாயு 16 முதல் 19 கிலோ வரை வருகிறது. அதாவது சுற்றுச்சூழலை நினைத்துச் சிக்கன் மசாலாவை விட்டுப் பன்னீர் பட்டர் மசாலாவுக்கு மாறுகிறவர், தாம் நினைத்ததற்கு நேர் எதிரானதைச் செய்கிறார். வீட்டிலோ நிலைமை வேறு: சோற்றின் அளவு கூடி, உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் துணைக்கு வருகின்றன, புரதம் காணாமல் போகிறது. சைவ நாளில் பருப்போ பயறோ கொண்டைக்கடலையோ மீல் மேக்கரோ தட்டில் இருக்கிறதா என்பதே அந்த நாளின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

அளவைக் குறைப்பது கண்ணுக்குத் தெரியாத வழி. என் கணிப்பில் நான்கில் அதிகம் நிலைத்து நிற்பதும் இதுதான். இதற்கான பக்குவமும் தமிழ்ச் சமையலில் புதிதாகத் தேட வேண்டியதன்று. முஸ்லிம் வீடுகளின் தால்ச்சா நெடுங்காலமாக அதைத்தான் செய்துவருகிறது. ஒரு கிலோ கறி போகும் இடத்தில் எலும்புடன் அரை கிலோ மட்டும் எடுத்து, இஞ்சி பூண்டு விழுதும் மஞ்சளும் சேர்த்துக் குக்கரில் முக்கால் வேக்காடு வேகவிட்டு, தனியே வேகவைத்த கால் கிலோ கடலைப்பருப்பையோ துவரம்பருப்பையோ மசித்து ஊற்றி, கத்தரிக்காயும் வாழைக்காயும் மாங்காய்த் துண்டும் போட்டுக் கொதிக்கவிட்டால், எலும்பின் சாறு பருப்பில் இறங்கிக் குழம்பு முழுவதும் கறி வாசம் வந்துவிடும். கால் கிலோ பருப்பில் 50 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. எலும்பு நீக்கிப் பார்த்தால் அரை கிலோ ஆட்டுக்கறியில் 70 கிராம் அளவுக்கு இருக்கும். குறைத்த கறியின் புரதத்தில் பெரும்பகுதியைப் பருப்பே திருப்பித் தந்துவிடுகிறது, செலவில் ஒரு சிறு பங்குக்கு. கருவாட்டுக் குழம்பில் மொச்சையும் கத்தரிக்காயும் செய்யும் வேலையும் இதுவே. பிரியாணிக்கு மட்டும் இந்த உபாயம் பலிக்காது. கறியைக் குறைத்துக்கொண்டே போனால் அது குஸ்காவில் போய் நிற்கும்.

ஆட்டிலிருந்து கோழிக்கு

எண்களை மட்டும் வைத்துப் பேசினால் இது வலுவான வழி. ஒரு கிலோ ஆட்டுக்கறிக்குப் பதில் ஒரு கிலோ கோழி என்றால் முக்கால் பங்கு உமிழ்வு குறைந்துவிடுகிறது. பையின் கனமும் குறைவதில்லை. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் ஆட்டுக்கறி உள்ளிட்ட சிவப்பு இறைச்சியைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடிய சாத்தியம் மிகுந்தவற்றின் பட்டியலிலும், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை உறுதியான காரணிகளின் பட்டியலிலும் வைத்தது. சாதாரணக் கோழிக்கறி அவற்றில் இல்லை. ஆனால் இதே கோழி நகெட்டாகவும் சாசேஜாகவும் மாறி வரும்போது அந்தச் சலுகை கிடையாது.

உயிர்களை எண்ணிக் குறைப்பவருக்கு இந்த வழி தலைகீழாகத் தெரியும். ஓர் ஆட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோ கறி தேறும். அதே எடைக்கு எட்டு பிராய்லர் கோழிகளாவது வேண்டும், அவையும் பிறந்து ஆறு வாரம் போலக் கொட்டகைக்குள் அடைபட்டு வளர்ந்தவை. விலை மலிவு என்பதால் வாரம் ஒரு கிலோ என்பது மெல்ல இரண்டு கிலோவாவதும் நடக்கிறது. மத்தியும் நெத்திலியும் கிடைக்கும் ஊர்க்காரர்களுக்கு மீனே மேலான தேர்வு. முள்ளோடு தின்னும் சிறுமீனில் கால்சியமும் சேர்ந்து வரும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான விசைப்படகுத் தடைக்காலத்தில் விலை ஏறும் என்பதைச் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

பாலும் பால் அல்லாத பாலும்

தமிழ்ச் சமையலில் சாம்பாரும் ரசமும் காரக்குழம்பும் பொரியலும் பால் கேட்பதில்லை. இந்தப் பக்கத்தில் பால் ஒளிந்திருக்கும் இடங்கள் காப்பி, டீ, தயிர், நெய், இனிப்பு ஆகியவையே என்பதால், குறைக்க வேண்டிய இடம் தெளிவாகவே தெரிகிறது.

மாற்றுப் பால்களில் சத்தில் பசும்பாலுக்கு அருகில் வருவது சோயா மட்டுமே: 100 மில்லியில் ஏறத்தாழ 3 கிராம் புரதம், உமிழ்வு லிட்டருக்கு 1 கிலோ அளவு. பாதாம் பாலில் புரதம் பெயரளவுக்குத்தான். மேலும் அதே 2018 ஆய்வின்படி லிட்டருக்கு 371 லிட்டர் நீரை அது குடிக்கிறது. பசும்பாலுக்கு இது 628, ஓட்ஸ் பாலுக்கு 48, சோயாவுக்கு 28. தேங்காய்ப் பால் சொதிக்கும் ஆப்பத்துக்கும் உரியது. கொழுப்பு மிகுந்த அதைத் தினசரிப் பாலாகக் கொள்வதற்கில்லை.

சோயாவின் சிக்கல் அடுப்பில் தொடங்குகிறது. கொதிக்கும் டிகாக்‌ஷனில் அப்படியே ஊற்றினால் திரிதிரியாகப் பிரிந்துவிடும். டீ என்றால், பாலைத் தனியே சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகு, வடிகட்டிய சாயத்தை அதில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். புளிப்பு கூடிய ஃபில்டர் காப்பியில் இந்தப் பொறுமையும் சில நாள் வீணாகும். பாக்கெட் சோயாப் பாலின் விலை சாதாரணப் பாலைவிடப் பல மடங்கு; அதில் கால்சியம் சேர்த்திருக்கிறார்களா என்று அட்டையைப் பார்த்தே வாங்க வேண்டும், சேர்த்த கால்சியம் அடியில் படியும் என்பதால் குலுக்கியே ஊற்ற வேண்டும். வீட்டில் அரைத்தால் மலிவு, ஆனால் சோயாவை ஊறவைத்து அரைத்து நன்றாகக் கொதிக்கவிடாமல் குடித்தால் செரிமானக் கோளாறுதான் மிஞ்சும்.

ஆகவே மாற்றுப் பாலைத் தேடுவதைவிடப் பாலின் கோப்பைகளைக் குறைப்பதே பெரும்பாலான வீடுகளுக்குச் சுலபம். மாலை டீயை வரட்டீயாகவோ சுக்குமல்லிக் காப்பியாகவோ மாற்றுவதும், தயிர் விடும் இடத்தில் நீர்மோர் விடுவதும் காசு கேட்காத மாற்றங்கள். காலைக் காப்பியில் கைவைக்க நான் சொல்ல மாட்டேன். அங்கே தொடங்கும் சீர்திருத்தம் அன்றைக்கே முடிந்துவிடும்.

பாலைக் குறைக்கும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு, அது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லி பாலோ தயிரோ பரிந்துரைக்கிறது. மேலே சொன்ன வீட்டில் ஆளுக்கு வருவது 250 மில்லிதான். கறி, மீன், முட்டை உண்பவர்கள் அதிலும் குறைத்தால், 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவு கால்சியம் கொண்ட கேழ்வரகும், எள்ளும், முருங்கைக்கீரையும் அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டும். முட்டையும் சாப்பிடாத சைவக் குடும்பத்தின் கதை வேறு. வைட்டமின் பி12 தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. அவர்களுக்கு அது வருகிற முக்கிய வழி பாலும் தயிருமே. நாளொன்றுக்குச் சுமார் 2 மைக்ரோகிராம் தேவைப்படும் இடத்தில் 100 மில்லி பால் தருவது அரை மைக்ரோகிராமுக்கும் குறைவு. அவர்கள் பாலைப் பெரிதும் குறைப்பதானால் முன்னதாகவே ரத்தத்தில் பி12 அளவைப் பரிசோதித்து, மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுத்துக்கொள்வது அவசியம். கருவுற்றவர்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் அந்த ஆலோசனை இல்லாமல் பாலை நிறுத்தவே கூடாது. மாத்திரையிலுள்ள பி12 நுண்ணுயிர்களை வளர்த்து எடுப்பது, ஆகையால் சைவர்கள் தயங்க வேண்டியதில்லை. கேப்சூலாக இருந்தால் அதன் உறை விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டினாக இருக்கக்கூடும் என்பதை மட்டும் மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளலாம்.