சுரங்கத்திலிருந்து யாராவது தப்பினார்களா?

'தி வேர்ல்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்', 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதை உலகத்தின் கற்பனை வரலாறு, 2014-இல் வந்தது, பாலக்காட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்க, கொழிஞ்சாம்பாறை பஸ்ஸிலேயே பிரித்துவிட்டேன். லானிஸ்டர் குடும்பத்தை எதிர்த்துக் கிளம்பிய ரெய்ன் வம்சத்தில் யாராவது மிஞ்சினார்களா, அதுதான் எனக்கு வேண்டியது. 300 பேருக்கு மேல் அவர்கள் கோட்டையான காஸ்டமியரின் சுரங்கத்துக்குள் பதுங்க, லானிஸ்டர் வாரிசு டைவின் வாசல்களை அடைத்து ஓடையைத் திருப்பிவிடுகிறான். ராத்திரி காவலர்கள் காதில் மெல்லிய அலறல், விடிந்தால் சத்தமே இல்லை. ரகசிய வழியில் தப்பினார்கள் என்று ரசிகர்கள் கட்டும் கதைக்கு இதில் பிடிமானம் கிடையாது. ரெய்ன்களோடு சேர்ந்து எதிர்த்த டார்பெக் வீட்டு மூன்று வயசுப் பையன் விஷயம் வேறு. கிணற்றில் போட்டார்கள் என்பது வெறும் பேச்சு, பிணத்தைப் பார்த்தவன் யார்? படங்கள் பிரமாதம். அப்புறம், கடைக்காரர் சொல்லாத ஒன்று: மழையில் நனைந்து நாலு பக்கம் ஒட்டிக்கிடந்தது, அதுவும் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகும் இடத்திலேயே.