"பழகிடும்" என்று சொல்லி அனுப்பினால் அப்படியே விட்டுவிடாதீர்கள்

புதுக் கண்ணாடி போடப் போகிறவர்களும், போட்டுவிட்டுத் தலைவலியோடு அலைகிறவர்களும் இதைக் கொஞ்சம் படியுங்கள். கண்ணுக்குப் பழகாத கண்ணாடி வேறு, தப்பாகச் செய்த கண்ணாடி வேறு. கடையில் இரண்டுக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது.

எனக்குக் கிட்டப்பார்வை. இரண்டு கண்ணிலும் மைனஸ் 6, கூடவே சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் பவர்) 1.50. பவர் சற்று மாறியதால் புதிதாகச் செய்யக் கொடுத்தேன். போட்டதுமே தரை சரிந்தது, கதவு நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. அதைக் குறை சொல்லவில்லை. சிலிண்டர் மாறினால் முதலில் அப்படித்தான் இருக்கும், சில நாளில் மூளை சரிசெய்துகொள்ளும். ஆனால் எழுத்தும் தெளியவில்லையே! ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழல். 'ண' எது, 'ன' எது என்று சுழியை எண்ண முடியவில்லை. சாயங்காலம் ஆனால் புருவத்துக்கு நடுவில் தெறிக்கும் வலி.

கடைக்குத் திரும்பப் போனேன். மூக்குப் பட்டையை அமுக்கிக் கொடுத்து, "கண்ணுதாங்க கண்ணாடிக்குப் பழகணும்" என்றார்கள். மறுபடி போனபோது, "கம்ப்யூட்டர்ல கட் பண்ணது, தப்பே வராது. வெட்டின லென்ஸைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று பேச்சை முடித்துக்கொண்டார்கள். லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டர் அந்த மேசை மேலேயே இருந்தது. கண்ணாடியை அதில் வைத்துப் பார்க்க ஓரிரு நிமிடம் போதும். யாரும் வைக்கவில்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான்.

பரிசோதனை செய்த கண் மருத்துவரிடமே கண்ணாடியை எடுத்துப் போனேன். அங்கிருந்த ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைப் பரிசோதிப்பவர்) லென்ஸோமீட்டரில் பார்த்துவிட்டு, பவர் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலது கண்ணுக்கு ஆக்சிஸ் (சிலிண்டரை வைக்க வேண்டிய கோணம்) 170, இடதுக்கு 10 என்று சீட்டில் இருக்கிறது. கண்ணாடியில் வலதில் 10, இடதில் 170. இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்! ஆக்சிஸ் 180-ல் முடிந்து மறுபடி தொடங்குவதால் 170-க்கும் 10-க்கும் இடையே 20 டிகிரிதான். ஆனால் சிலிண்டர் 20 டிகிரி விலகினால் அதன் பவரில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பிழை மிஞ்சும். 1.50-க்குக் கிட்டத்தட்ட 1 டயாப்டர் (பவரின் அலகு). அந்த நிழல் எத்தனை மாதமானாலும் போயிருக்காது.

இன்னொன்றும் இருந்தது. இரண்டு கண்மணிகளுக்கும் நடுவிலான தூரத்தை பி.டி. என்பார்கள். எனக்கு 62 மில்லிமீட்டர். லென்ஸ்களின் மையங்களோ 67-ல் இருந்தன. கடையில் என் பி.டி.யை யாரும் அளக்கவே இல்லை. மையம் விலகினால் லென்ஸ் பட்டகம் போல ஒளியைத் திருப்பும். கணக்கு எளிது: விலகலை சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்க வேண்டும். 0.5 பெருக்கல் 6, மொத்தம் 3 ப்ரிசம் (பட்டகம் ஒளியைத் திருப்பும் அளவின் அலகு). மைனஸ் லென்ஸில் மையங்கள் இப்படி அகன்றுவிட்டால், ஒன்றை இரண்டாகப் பார்க்காமல் இருக்கக் கண்கள் வெளிப்பக்கம் விலகியே நிற்க வேண்டும். கண்ணுக்கு அது பெரிய பாடு. பவர் குறைவானவர்களுக்கு இதே 5 மில்லிமீட்டர் அவ்வளவாக உறுத்தாது. பவர் ஏற ஏற வேதனை கூடும்.

உங்கள் கண்ணாடியில் சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணை மூடிவிட்டு மற்றதால் படித்துப் பாருங்கள். தனித்தனியாகத் தெளிவு, இரண்டும் திறந்தால் தொல்லை என்றால் பெரும்பாலும் மையக் கோளாறு. ஒரு கண்ணே மங்கல் என்றால் பவரையோ ஆக்சிஸையோ சோதிக்கச் சொல்லுங்கள். ஃப்ரேம் கோணலாக உட்கார்ந்தாலும் தொல்லை வரும், அது திருகிச் சரிசெய்யக்கூடியது. ப்ரோகிரசிவ் (தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸ்) போட்டவர்களுக்கு ஓரங்கள் நெளிவது இயல்பு, தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். ஆனால் தூரத்தில் பார்க்க முகவாயைத் தாழ்த்த வேண்டியிருந்தால் லென்ஸின் உயரத்தை ஏற்றி வைத்துவிட்டார்கள், படிக்க முகவாயைத் தூக்க வேண்டியிருந்தால் இறக்கி வைத்துவிட்டார்கள் என்று பெரும்பாலும் பொருள். ப்ரோகிரசிவ் லென்ஸில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்னக் குறிகள் பொறித்திருக்கும். அவற்றை வைத்து எப்போது வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். "அழிஞ்சிடுச்சு, பார்க்க முடியாது" என்றால் நம்பாதீர்கள்.

பொதுவாக ஓரிரு வாரத்துக்குள் பழகிவிடும். நாளுக்கு நாள் கொஞ்சமாவது குறைகிறதா என்று கவனியுங்கள். துளியும் குறையாவிட்டால் காத்திருக்க வேண்டாம். திடீரென்று இரட்டையாகத் தெரிந்தாலோ, மின்னல் போல ஒளி வெட்டினாலோ, பார்வையில் திரை விழுந்தாலோ கண்ணாடியைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஆப்டோமெட்ரிஸ்ட் அளவுகளை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைக் காட்டிய பிறகுதான் கடையில் வேறு லென்ஸ் போட ஒப்புக்கொண்டார்கள். வருத்தம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. இந்த முறை பி.டி.யை என் முன்னாலேயே அளக்க வைத்தேன், பில்லிலும் எழுத வைத்தேன், லென்ஸோமீட்டரில் வைத்துக் காட்டிய பிறகே கண்ணாடியைக் கையில் வாங்கினேன். நீங்களும் கேளுங்கள். காட்ட மறுக்கும் கடையில் லென்ஸ் செய்யக் கொடுக்காதீர்கள். புதுசு சரியாகும் வரை பழைய கண்ணாடியைத் தூக்கிப் போட வேண்டாம். வண்டி ஓட்டவும் படி இறங்கவும் அதையே போட்டுக்கொள்ளுங்கள்.