பணப்பையா, பாஸ்புக்கா?

ஒரு பகுதிக்கு என்னென்ன மருத்துவச் சேவை வேண்டும், அதை யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்வதை இங்கிலாந்தில் 'கமிஷனிங்' என்பார்கள். நம் காதில் அந்தச் சொல் வேறு மாதிரி விழும். அந்தச் சந்தேகம் முற்றிலும் வீணும் அல்ல.

2013 ஏப்ரலில் அங்கே இந்தப் பொறுப்பு குடும்ப மருத்துவர்கள் தலைமையிலான 211 குழுக்களிடம் போனது. தேசிய சுகாதாரச் சேவையின் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அவர்கள் வழியே செலவானது. நோயாளியைத் தினமும் பார்ப்பவரே முடிவெடுப்பது நியாயம்தான். ஆனால் அங்கே குடும்ப மருத்துவர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள் அல்லர், சேவையை ஒப்பந்தத்தில் விற்பவர்கள். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரே ஆகிவிடலாம் என்ற புகார் தொடக்கத்திலேயே எழுந்தது. 2022 ஜூலையில் குழுக்களைக் கலைத்து 42 வாரியங்களை அமைத்தார்கள். அவற்றில் குடும்ப மருத்துவர்கள் உள்ளிட்ட முதல்நிலை மருத்துவத் தரப்புக்கு ஓர் இடம் உண்டு, பணப்பை இல்லை.

சென்னை நேர் எதிர். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் மாநகராட்சியுடையது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாநில அரசுடையது. இரண்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் ஒரு சீட்டில் எழுதிய நாலு வரிதான். சர்க்கரை நோயோடு கால் புண்ணும் உள்ள ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். "காலையில் மூன்று வீடு இருக்கிறது டாக்டரம்மா, பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு" என்பார். அவருக்காகவே வந்தது போன்றது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே நிபுணர்கள் வந்து பார்க்கும் மாலை நேரப் பாலிகிளினிக். ஆனால் எந்தக் கிழமை எந்த நிபுணர் என்ற அட்டவணை மேலிருந்து வருகிறது. அந்தத் தெருவை அறிந்த மருத்துவரின் வேலை, வந்ததை நடத்துவது.

இதற்கு நடுவழி ஒன்று நம்மிடமே இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. பேரம் பேசும் வேலை மருத்துவருக்கு இல்லை. ஆனால் அரசு மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக் உண்டு. அதில் உள்ள தொகைக்குள், பட்டியலில் எந்த மருந்து எவ்வளவு என்று கேட்டுப் பெறுவது அந்த மருத்துவமனையே.

எனக்கு இங்கிலாந்தின் பணப்பை வேண்டாம். ஓ.பி.யில் நூறு பேர் உட்கார்ந்திருக்க, ஒப்பந்தக் கோப்பைப் புரட்ட யாருக்கு நேரம்? மருந்துக்கு இருக்கும் பாஸ்புக்கைச் சேவைக்கும் கொடுத்துப் பார்க்கலாம். மாதத்துக்கு இத்தனை நிபுணர் மாலைகள், இத்தனை ஸ்கேன், இத்தனை கண் பரிசோதனை. தோல் மருத்துவரின் ஒரு மாலையை விட்டுக்கொடுத்து, கால் புண் பார்க்கும் அறுவை சிகிச்சை நிபுணரை டாக்டரம்மா கேட்டு வாங்கட்டும்.