காரின் பழைய ரேடியோ: டிஸ்பிளேயை வீட்டிலேயே சரிசெய்து ஓட்டிய அனுபவம்

எங்கள் காரில் இருப்பது ஜப்பானிலேயே பொருத்தி வந்த பழைய ரேடியோ செட். பாட்டு நன்றாகவே கேட்கும், டிஸ்பிளேதான் தகராறு. எண்களில் ஒவ்வொரு கோடாகக் காணாமல் போனது. 8 வந்தால் 6 போலத் தெரியும், பக்கத்தில் உள்ள 0 தலைக்கோடு இல்லாமல் ‘ப’வாக நிற்கும். ரோட்டில் ஒரு குழியில் ஏறி இறங்கினால் முழுதாக வரும், அடுத்த குழியில் போய்விடும். கடைசியில் உள்ளே எரியும் வெளிச்சமும் போனது.

இலங்கை மலைநாட்டில் ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ரம்பொடை வளைவுகளில் இறங்கும்போது மலை மறைத்து ஸ்டேஷன் கரகரக்கும், வேறு அலைவரிசை தேட வேண்டிவரும். அதிலும் இந்த மாதிரிப் பழைய ஜப்பான் செட்டில் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நமக்கோ 87.5 முதல் 108 வரை. அதனால் ஏரியலுக்கும் செட்டுக்கும் இடையில், அலைவரிசையைக் குறைத்துக் கொடுக்கும் எக்ஸ்பாண்டர் ஒன்று பூட்டியிருக்கிறது. எங்களுடையது 20ஐக் கழித்துக் கொடுக்கும், 104 வேண்டுமென்றால் 84 வைக்க வேண்டும். இந்தக் கணக்கு வீட்டில் எல்லாருக்கும் பழகிவிட்டது. ஆனால் கழித்துப் பார்க்கவும் எண் தெரிய வேண்டுமே!

“இதைத் தூக்கிப் போட்டுட்டு ஆண்ட்ரொயிட் பிளேயர் ஒன்னு போடுங்கண்ணே” என்றார் கராஜில் இருந்த தம்பி. எனக்கு மனம் வரவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025இல் மறுபடி திறக்கும்வரை இருந்த வண்டியைப் பேணித்தானே ஓட்டினோம், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: போன் டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்து டிஸ்பிளேயைப் பாருங்கள். எண்கள் மங்கலாக, ஆனால் முழுதாகத் தெரிந்தால் பல்ப் மட்டும்தான் போயிருக்கிறது. கோடுகளே இல்லையென்றால் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. எங்களுடையதில் இரண்டும்.

பெட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன். சில செட்டுகள் பெட்டரி போய் வந்தால் பூட்டைத் திறக்கும் ரகசிய எண் (கோட்) கேட்கும், அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள். முகப்பைப் பிரிப்பதில் பொறுமைதான் தேவை, பிளாஸ்டிக் கிளிப்புகளை நெம்ப இரும்புத் திருப்புளி வேண்டாம்.

உள்ளே டிஸ்பிளே கண்ணாடிக்கும் சர்க்கிட் போட்டுக்கும் நடுவே ஒல்லியான ஒரு ரப்பர் பட்டை இருந்தது. ஸீப்ரா ஸ்டிரிப் என்பார்கள். கரண்ட் கடத்தும் அடுக்கும் கடத்தாத அடுக்கும் மாறி மாறி மயிரிழைபோல வரும். ஈயப் பற்று எதுவும் கிடையாது, அழுத்தம் ஒன்றுதான் இணைப்பு. கண்ணாடியைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தின் முறுக்குக் காதுகள் நம் ரோட்டில் குலுங்கிக் குலுங்கித் தளர்ந்திருந்தன, பட்டையின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் அழுக்குப் படிந்திருந்தது. பட்டையை ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த துணியால் துடைத்தேன். போட்டில் உள்ள தொடுமுனை வரிசையைப் பென்சில் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். விரல் படாமல் திருப்பி வைத்து, காதுகளைக் குறட்டால் கொஞ்சமே முறுக்கினேன். அதிகம் முறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும். பெட்டரியைக் கொடுத்துப் பார்த்தால் ஒரு கோடு பாக்கியில்லாமல் எல்லாம் வந்தது.

எல்லாச் செட்டும் இப்படி இருக்காது. சிலவற்றில் மெல்லிய பிலிம் வயரைச் சூட்டில் கண்ணாடியோடு ஒட்டியிருப்பார்கள். அதில் கைவைக்க எனக்குத் துணிவில்லை.

வெளிச்சத்தில்தான் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பச்சை ரப்பர் உறை போட்ட குட்டி 12 வோல்ட் பல்புகள் கருகிப்போயிருந்தன. டவுனில் அதே சைஸ் கிடைக்கவில்லை. அதனால் எல்ஈடி வைத்து, 1 கிலோஓம் ரெசிஸ்டர் சேர்த்தேன். எஞ்சின் ஓடும்போது வோல்டேஜ் 14 வரை ஏறும், ரெசிஸ்டர் இல்லாமல் வைத்தால் எல்ஈடி உடனே போய்விடும். ஆனால் எல்ஈடி நேராக மட்டுமே அடிக்கிறது. நடுவில் பளிச்சென்றும் மூலையில் இருட்டாகவும் இருந்தது. நானுஓயாப் பக்கம் இரவில் மூடுபனிக்குள் போகும்போது கண்ணைக் குத்தியது. எல்ஈடியின் நுனியை மணல்தாளால் தேய்த்து, ரெசிஸ்டரை 2.2 கிலோஓமாக மாற்றிய பிறகு பரவாயில்லை. பல்பின் இதமான பச்சை மட்டும் வரவேயில்லை.

தென்மேற்கு மழைக்காலம் முழுக்க வட்டவளை, ஹட்டன் ரோட்டில் ஓடியும் ஒரு கோடுகூட விடவில்லை. நுவரெலியாவில் ஜனவரிக் காலைகளில் எண் மாறக் கொஞ்சம் தயங்குகிறது. குளிரில் டிஸ்பிளேயின் கண்ணாடிக்குள் இருக்கும் திரவப் படிகம் மந்தமாவது இயல்புதான், ஹீட்டர் போட்டால் சரியாகிவிடும்.

டிஸ்பிளேயில் மை கொட்டிய மாதிரி கறை படர்ந்திருந்தால் இதில் எதுவும் உதவாது, கண்ணாடியே போய்விட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய செட் தேடி முகப்பை மாற்ற வேண்டியதுதான். போகும்போது செட்டின் மேலே ஒட்டியிருக்கும் மொடல் எண்ணைப் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். ஒரே காருக்கு வேறு வேறு செட் வந்திருக்கும், காரின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் பொருந்தாததைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.