செங்கல்பட்டுக் கல்வட்டமா, செங்கம் நடுகல்லா?

கையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பி, ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும் கல் ஒன்றைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும். எங்கே போவது?

பக்கத்தில் இருப்பவை செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்வட்டங்கள், அதாவது இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றி வட்டமாக நிறுத்திய கற்கள். தள்ளி இருப்பவை திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், தண்டராம்பட்டு வட்டாரத்து நடுகற்கள், சண்டையில் உயிர்விட்ட வீரர்களுக்கு நட்ட கற்கள். அப்பா ஓய்வு பெற்றபின் அவருக்குக் கல்வெட்டுப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அவரை அழைத்துக்கொண்டு கடந்த ஒன்றரை ஆண்டில் செங்கல்பட்டுப் பக்கம் நான்கு முறையும் செங்கம் பக்கம் இரண்டு முறையும் போய்வந்தேன். இனி ஒரு நாள் கிடைத்தால் செங்கத்துக்குத்தான் போவேன். அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தூரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து, கல்வட்டங்கள் இருக்கும் சிறுதாவூர் ஒரு மணி நேரம். காலை டிபனை முடித்துக்கொண்டு போய், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். செங்கம் போகவர 400 கிலோமீட்டருக்குக் குறையாது. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகப் போனால் ஒரு வழிக்கே நான்கு மணி நேரம் ஆகிறது. எங்கள் காருக்குப் பெட்ரோல் மட்டும் 3,000 ரூபாயைத் தொட்டது, சுங்கம் தனி. செலவு, நேரம், அலைச்சல் மூன்றிலும் செங்கல்பட்டுதான் ஜெயிக்கும். அதில் பேச்சே இல்லை.

பழமையிலும் செங்கல்பட்டுதான் மூத்தது. சிறுதாவூர், குன்னத்தூர், சானூர் என்று அந்த மாவட்டம் முழுக்க இரும்புக்கால ஈமக்காடுகள் உண்டு. 2,000 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை. பெரிய உருண்டைக் கற்களை வட்டமாக நிறுத்தி, உள்ளே சிறுகற்களைக் குவித்திருப்பார்கள். அடியில் பலகைக் கற்களால் ஆன பேழை இருக்கும், இல்லாவிட்டால் தாழி இருக்கும். சில இடங்களில் வரிசையாகக் குட்டிக் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை. சானூரில் 1950களின் தொடக்கத்திலும் குன்னத்தூரில் அதே பத்தாண்டின் பிற்பாதியிலும் மத்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. எலும்புகள், கறுப்பு சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள் எல்லாம் கிடைத்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் பல்லாவரம் மலையடியில் எடுத்த ஈமப்பேழை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கல்வட்டத்துக்குப் போனால், காலடியில் என்ன இருக்கிறது என்பது மனதில் நிற்கும். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, மறந்துவிட வேண்டாம்.

இத்தனை இருந்தும் ஏன் மனம் செங்கத்துக்குப் போகிறது? நான் சொல்லப்போவது ஒரே காரணம்தான். அந்தக் கல்லைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இருக்கிறார்களா என்பது.

முதல்முறை செங்கல்பட்டுப் பக்கம் போனபோது நடந்தது இது. போனில் வழி பார்த்துக்கொண்டே போனோம். அது ஒரு வீட்டுமனைப் பிரிவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. வெள்ளை அடித்த மனைக்கற்கள் வரிசையாக நின்றன, நாங்கள் தேடிய கற்கள் இல்லை. டீக்கடையில் கேட்டோம், சாலையோரம் வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கேட்டோம். அகழாய்வு, கல்வட்டம், இவற்றை ஊர்ப்பக்கம் அழைக்கும் பாண்டவர் குழி என்று எந்தப் பெயரைச் சொல்லியும் யாருக்கும் புரியவில்லை. கேட்டவர்களில் பாதிப்பேர் வேறு ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு மணி நேரம் கழித்துத் தொல்லியல் துறையின் நீலப் பலகை கண்ணில் பட்டது. பலகை இருக்கிறது, வட்டம் எங்கே? சுற்றிலும் சீமைக்கருவேல முள். அப்பா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று, "டேய், நான் உட்கார்ந்திருக்கிறதே அதுதான்டா" என்றார். எழுந்து பார்த்தால் அவர் உட்கார்ந்த கல், அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று வளைந்து போகிறது. பாதி வட்டத்தைப் பின்தொடர முடிந்தது, மீதிப் பாதி முள்ளுக்குள்.

அதற்கப்புறம் மூன்று முறை போனோம். மாசி, பங்குனியில் புல் காய்ந்தபின் போனபோது கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. குன்னத்தூர்ப் பக்கம் ஒரு வட்டம் முழுசாகவே கிடைத்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் யாரும் இல்லாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டுத் திரும்புவது போலத்தான் இருந்தது. சட்டப்படி இவற்றுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010இல் வந்த சட்டத் திருத்தம் இது. வீட்டுமனைகளுக்கு நடுவே இந்தக் கற்கள் இன்னும் பிழைத்திருக்கின்றன என்றால் அதில் இந்தச் சட்டத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் வேலியும் பலகையும் காவல்தான் காக்கும். முள்ளை வெட்டி, இது இன்னாருடையது என்று வருகிறவர்களிடம் காட்டித்தர ஓர் ஆள் வேண்டும்.

செங்கத்தில் அந்த ஆள் இருக்கிறார்கள்.

முதல் தடவை பொங்கல் முடிந்த வாரம் போனோம். காலை நான்கு மணிக்குக் கிளம்பியதில் எட்டரைக்கெல்லாம் ஊர்ப் பக்கம் சேர்ந்துவிட்டோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் வண்டியை நிறுத்தி அப்பா கேட்டார், "ஏம்மா, இங்க நடுகல் எங்க இருக்கு?"

"நடுகல்லா? அப்படி ஒண்ணும் இங்க இல்லியே சார்."

"கையில வில்லு வச்சிக்கிட்டு ஒருத்தர் நிக்கிற மாதிரி கல்லு..."

"அட, நம்ம வேடியப்பன்! அதோ அந்தப் புளியமரத்துக்குப் பின்னாடி. செருப்ப மட்டும் இங்கியே விட்டுட்டுப் போங்க."

அந்த வட்டாரத்தில் எந்த ஊரிலும் இப்படிக் கேட்டால்தான் வேலை நடக்கும். நடுகல் என்பது படித்தவர்கள் சொல்லும் பெயர். ஊரில் அவர் வேடியப்பன். செங்கத்திலிருந்து தருமபுரி வரை நடுகற்களை இந்தப் பெயரில்தான் கும்பிடுகிறார்கள். சாமியாக இருப்பதால் அவரைச் சுற்றிக் களை கிடையாது, முள் கிடையாது. தரையைச் சாணி தெளித்துப் பெருக்கியிருந்தார்கள். கல்லில் மஞ்சள், குங்குமம், வாடிய சாமந்தி மாலை, அடியில் கற்பூரம் எரிந்த கரி.

கல் என் இடுப்பு உயரம் இருக்கும். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், தலையில் முடிந்த கொண்டை. ஒரு காலை முன்வைத்துப் பாய்கிற நிலை. மார்பில் இரண்டு அம்புகள் தைத்திருப்பதை விரலை வைத்தால்தான் உணர முடிகிறது, எண்ணெய் அவ்வளவு ஏறியிருக்கிறது. காலருகே மூக்கு வைத்த ஒரு சின்னக் கெண்டி. தலைக்கு மேலே, தமிழை எழுதிய பழைய எழுத்தான வட்டெழுத்தில் சில வரிகள். அப்பா முந்தின வாரம் முழுக்க வட்டெழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு எழுதிப் பழகியிருந்தார். மண்டியிட்டு, டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தார். வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் எழுத்தின் பள்ளங்களில் நிழல் ஏறியது. புள்ளி இல்லாத எழுத்துகள். படடான கல, படடான கல என்று இரண்டு தடவை முணுமுணுத்தார். அப்புறம் உரக்கவே படித்தார், "பட்டான் கல்!"

இந்தக் கல்வெட்டுகளுக்கு என்று ஒரு வாய்பாடு உண்டு. கோவிசைய என்று தொடங்கி அரசன் பெயர், அவனது ஆட்சியாண்டு, இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. பக்கத்து ஊரார் மந்தையைக் கவர்ந்துபோக, அதை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கு ஊர் நட்ட கல். அந்தப் பக்கம் தொறுப்பாடி என்றே ஓர் ஊர் இருக்கிறது. இவற்றில் பல பல்லவர் காலத்தவை, 1,400 ஆண்டுகளைத் தொடுபவை. நாங்கள் பார்த்த கல்லில் நடு வரிகள் மஞ்சளில் மூடிக் கிடந்தன, அவன் பெயரைப் படிக்க முடியவில்லை. சுரண்டிப் பார்க்கவும் மனம் வரவில்லை, அது கூடவும் கூடாது.

பாட்டி பின்னாலேயே வந்து நின்றிருந்தார். அப்பா திரும்பி, இவர் எதற்கு விசேஷம் என்று கேட்டார். "மாடு கன்னு காணாமப் போச்சின்னா இவருகிட்டதான் வேண்டிக்குவோம். மறுநாளே ஓட்டியாந்து விட்டுருவாரு."

எழுத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தொறு என்ற சொல்லையும் அவர் கேட்டதில்லை. ஆனால் கல்லில் இருப்பவனின் வேலை என்ன என்று சரியாகச் சொன்னார். இதற்காகவே நான் இன்னொரு 400 கிலோமீட்டர் ஓட்டுவேன்.

நடுகல் எடுப்பதில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. கல்லைத் தேர்ந்து, நாள் குறித்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது. முதல் நான்கும் என்றோ முடிந்துவிட்டன. கடைசி இரண்டும் அந்தப் புளியமரத்தடியில் வாராவாரம் நடக்கின்றன.

எடுத்தனூர்க் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை இந்த வட்டாரத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. அவற்றில் ஊரெல்லாம் அறிந்தது இதுதான். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. பல்லாவரத்தில் குடைவரை குடைந்த அதே மகேந்திரவர்மன். எருமை மந்தையைக் காத்துப் பட்டவனோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாயின் பெயர் இத்தனை நூற்றாண்டு தாண்டி நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வழிபாடு கல்லைக் காக்கிறது, அதே வழிபாடு எழுத்தைத் தின்னவும் செய்கிறது. இதை மறைத்துப் பேசினால் நியாயமாகாது. எண்ணெயும் மஞ்சளும் படிந்து படிந்து வரிகள் தூர்ந்துபோகின்றன. இரண்டாவது பயணத்தில் பார்த்த ஒரு கல்லைச் சிமென்ட் மேடையில் பதித்து, டைல்ஸ் ஒட்டி, வீரனுக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கால்பக்கம் சிமென்டுக்குள் போய்விட்டது. அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கட்டியவர்கள் அன்பில்தான் கட்டியிருக்கிறார்கள், காசு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். முள்ளுக்குள் மறைந்த வட்டம், பெயின்டுக்குள் மறைந்த எழுத்து, இரண்டில் எது மோசம் என்று என்னைக் கேட்டால் எழுத்துதான் என்பேன். முள்ளை வெட்டிவிடலாம். ஆனாலும் ஊர் மறந்த கல்லை ஒருநாள் ஜேசிபி புரட்டிப்போட்டால் கேட்க நாதி இருக்காது. வேடியப்பனை யாரும் தொட முடியாது.

என் அனுபவத்துக்கு ஓர் எல்லை உண்டு. செங்கத்துக்கு நான் போன இரண்டு முறையும் தை, மாசி. ஐப்பசி மழையில் அந்த மண்பாதைகள் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் பலகைக் கற்களால் அறை போலக் கட்டிய கல்திட்டைகளை நான் இன்னும் பார்த்ததில்லை, அதைப் பார்த்தபின் என் கட்சி மாறினாலும் மாறலாம்.

ஊரை விட்டே போக முடியாது, அரை நாள்தான் இருக்கிறது என்றால் பரங்கிமலை இருக்கிறது. மலையுச்சி தேவாலயத்தின் பீடத்தில், 1547இல் போர்ச்சுக்கீசியர் அடித்தளம் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை பதிந்திருக்கிறது. மேலே புறா, சுற்றிலும் வளைவாகப் பஹ்லவி எழுத்து. இடைக்காலப் பாரசீக மொழியில் எழுதிய ஒரு வரி நம் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உச்சி வரை வண்டிப் பாதை உண்டு. ஆனால் அது வழிபாடு நடக்கும் பீடம். பூசை நேரத்தில் கிட்டே போய் எழுத்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது.

செங்கம் போவதென்று முடிவு செய்தால் பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையைத் தாண்டவே மணிக்கணக்கில் ஆகும். கார்த்திகை தீபத்தைச் சொல்லவே வேண்டாம். காலை பத்து மணிக்குள் கல்லிடம் இருப்பது நல்லது, உச்சிவெயிலில் எழுத்து தட்டையாகிவிடும். சாக்பீஸ் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம், ஒரு டார்ச் போதும். ஒரு முழம் பூவும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு போங்கள். முதல் தடவை நாங்கள் வெறுங்கையோடு போய் நின்றோம், பாட்டிதான் தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கற்பூரத்தை எடுத்துக் கொடுத்தார். இந்தத் தை மாதத்துக்கு அப்பா வட்டெழுத்து அட்டவணையை இப்போதே லேமினேட் செய்து காரில் வைத்துவிட்டார். மஞ்சள் மூடிய அந்த நடு வரிகளில் பெயர் தொடங்கும் இடம் தனக்குத் தெரிந்துவிட்டது என்கிறார்.